இரண்டு மணி நேரச் சரக்கு

புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் வழுதாவூர் சாலையோரமாக நின்று, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது நமக்கு நெடுநாளைய வழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும்போது ஒரு கால் மணி நேரம் இப்படிக் கழியும். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று வீட்டிலே கேட்கிறார்கள். லாபம் இல்லைதான். ஆனால் தொழிற்பேட்டைக்குள் நுழையும் லாரிகளையும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றி வரும் வண்டிகளையும், இவற்றுக்கு நடுவே நெளிந்து செல்லும் சைக்கிள் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தால், ஊர் எதைத் தின்கிறது, எதைக் கட்டுகிறது, எங்கே இவ்வளவு அவசரமாகப் போகிறது என்பதெல்லாம் பத்திரிகை படிக்காமலே விளங்கிவிடும்.

இந்த வண்டிகளுக்குள்ளே ஒன்று மட்டும் வெகுநாளாக நமக்குப் புதிராக இருந்துவந்தது. முதுகிலே பெரிய பானை ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பானை ஓயாமல் சுற்றிக்கொண்டேயிருக்க, அசைந்து அசைந்து போகிறதே, கான்கிரீட் கலவை லாரி, அதைத்தான் சொல்கிறோம். கலவைதான் கலந்து முடிந்ததே, இன்னும் எதற்காகச் சுற்ற வேண்டும்? டீஸல் விற்கிற விலையில் இது என்ன வீண் ஆடம்பரம் என்றுகூட நாம் எண்ணியதுண்டு. சென்ற மாதந்தான் அந்தப் புதிர் விடுபட்டது. விடுவித்தவன், நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்து, 35 மார்க்குக்கு மேல் ஒருபோதும் எட்டிப் பாராத ஒரு பிள்ளையாண்டான்.

நடந்தது இதுதான். நம் தெருவில் நண்பர் ஒருவர் தமது வீட்டுக்கு மாடி எடுக்கிறார். அன்று தளம் போடும் நாள். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, மேஸ்திரியும் ஆட்களும் விடியற்காலையிலிருந்தே காத்திருந்தார்கள். கலவையை மேலே ஏற்றும் பம்பும் வந்து நின்றது. லாரியை மட்டும் காணோம். எட்டரை மணிக்கு வருகிறேன் என்றது ஒன்பது அடிக்கும்போதுதான் தெரு முனையில் தலையைக் காட்டியது. நண்பருடைய முகம் அதற்குள் சிவந்திருந்தது. டிரைவர் கதவைத் திறந்து கீழே குதித்தானோ இல்லையோ, பிடித்துக்கொண்டார். அந்த வாலிபன் பதில் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த சலானை நீட்டினான். அப்புறம் நம்மைப் பார்த்துவிட்டு, "ஸார், என்னைத் தெரிகிறதா?" என்றான். தெரிந்தது. கடைசிப் பெஞ்சு, ஜன்னலோரம்.

அந்தத் தளத்தின் கதை சற்று நிற்கட்டும். கான்கிரீட்தான் நிற்காதே தவிர, கட்டுரை நிற்கும். அன்று மாலையிலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தும் அவன் சொன்ன விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். அவனுக்கு வயது இருபத்துமூன்று. மிக்ஸர் லாரியில் ஏறி அப்போது இரண்டு மாதங்கூட நிறையவில்லை.

லாரி ஓட்டுவது என்றால் ஏறி உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்புவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகை, சரக்கு வண்டிகளை ஓட்ட இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் இலகு ரக வண்டி லைசென்ஸ் ஒரு வருஷமாவது கையில் இருந்திருக்க வேண்டும். வைத்தியர் சான்று வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றும் வேண்டும். சென்ற 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கூடி, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். நம் பிள்ளையாண்டானுக்கு இந்தச் சலுகையால் பிரயோஜனம் இல்லை. அவன் முதுகில் சுமப்பது மட்டுமே அதைப்போல் இரண்டு மடங்கு.

2019 வரையில் எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த வருஷம் அதை எடுத்துவிட்டார்கள். படிக்க வசதியில்லாத ஏழைகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்பது காரணம். அது நியாயமே. வாத்தியார் என்கிற முறையில் நமக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஏனென்றால் இந்தப் பையனுடைய உத்தியோகமே சலானில் குறித்திருக்கும் ஒரு நேரத்தைப் படித்து, அதிலிருந்து கழித்தல் கணக்குப் போடுவதில்தான் இருக்கிறது.

"நீ எப்படியப்பா இந்த வண்டிக்கு வந்தாய்?" என்று கேட்டோம்.

"டிப்பரில் கிளீனராக இருந்தேன் ஸார். அப்புறம் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஜல்லி, எம்-ஸாண்ட் ஓட்டினேன். அந்தச் சரக்கு அடியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், இறக்குகிறவரையில் அசையாது. இது அப்படியில்லை ஸார். இது உயிருள்ள சரக்கு."

உயிருள்ள சரக்கு! 35 மார்க்குக்காரன் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

கான்கிரீட் உலர்ந்து இறுகுகிறது என்றுதான் பொதுஜனங்கள் எண்ணியிருக்கிறார்கள். அது சரியல்ல. சிமெண்டு தண்ணீரோடு ரஸாயன முறையில் சேர்ந்து, புதிய பொருளாக மாறி, அதனால் இறுகுகிறது. தண்ணீருக்குள்ளேயே போட்டு வைத்தாலும் இறுகும். ஆகையால் பிளாண்டிலே சிமெண்டும் மணலும் ஜல்லியும் தண்ணீரும் கலந்த அந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. சாதாரண சிமெண்டு முப்பது நிமிஷத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக்கூடாது என்று தர விதி இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வெயிலையும் கலவையையும் பொறுத்தது. இந்தியத் தர நிர்ணயத்தில் தயார் நிலைக் கான்கிரீட்டுக்கென்று உள்ள விதி, ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது. இறுகுதலைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

இப்போது பானை சுற்றும் மர்மம் நேயர்களுக்கும் விளங்கியிருக்கும். சும்மா விட்டால் ஜல்லி அடியில் தங்கிவிடும், தண்ணீர் மேலே மிதக்கும். அதனால் நிமிஷத்துக்கு இரண்டு முதல் ஆறு சுற்று என்ற கணக்கில் அதைப் புரட்டிக்கொண்டே வருகிறார்கள். பானைக்குள்ளே திருகாணி மரைபோல் தகடுகள் வைத்திருக்கின்றன. ஒரு பக்கமாகச் சுற்றினால் கலவை உள்ளே தள்ளப்படும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் அதே தகடுகள் கலவையை வாய்வழியே வெளியே கொண்டுவந்து கொட்டும். மூடியில்லாத பானையிலிருந்து குழம்பு சிந்தாமல் போவதற்கும், வேண்டியபோது தானாக வெளிவருவதற்கும் ஒரே உபாயம்.

இந்த யோசனை புதிதல்ல. கான்கிரீட்டை ஓரிடத்தில் கலந்து வேறிடத்துக்கு அனுப்பலாம் என்று ஜெர்மனியில் மாகென்ஸ் என்பவர் 1903-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். போகிற வழியிலேயே லாரி மேல் கலந்துகொண்டு போகலாம் என்று 1916-இல் விண்ணப்பம் போட்டவர் ஸ்டெபானியன். ஆர்மீனியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர். இவ்வளவு பாரத்தை லாரி தாங்காது என்று சொல்லி அதிகாரிகள் முதலில் அதைத் தள்ளிவிட்டார்களாம். நம் தேசத்தில் இந்த லாரிகள் வியாபாரமாகப் பெருகியது 1990-களுக்குப் பிறகே.

நம் புதுச்சேரிக்கும் கான்கிரீட்டுக்கும் அதைவிடப் பழைய சிநேகம் உண்டு. ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்ட் என்னும் விடுதியை 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கினார்கள். ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலம் பண உதவி வந்ததால் அந்தப் பெயர். அந்தோனின் ரேமண்ட் போட்ட திட்டம். ஜப்பானிய வம்சத்து ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து மேற்பார்த்தார். கம்பி வைத்த கான்கிரீட்டில் இந்தியாவில் எழுந்த ஆரம்பகாலக் கட்டடங்களுள் அது ஒன்று. லாரியும் இல்லை, பிளாண்டும் இல்லை, ஆசிரமவாசிகளே கலவை வேலையில் கைகொடுத்தார்கள். பூச்சு இல்லாத அந்தச் சுவர்கள் எண்பது வருஷத்துக்கு மேல் கடற்காற்றைக் குடித்துக்கொண்டு இன்றும் நிற்கின்றன. அவசரமில்லாமல் கலந்தார்கள், அளந்து கலந்தார்கள், அவ்வளவுதான்.

பையனுடைய இரண்டாவது வாரத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஊருக்கு வெளியே ஒரு புதிய மனைப்பிரிவு. முதல் நாள் மழை. உள்ளே போகலாம் என்று யாரோ கையைக் காட்ட, இவனும் போனான். ஆறு கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 2,400 கிலோ. "பதினாலரை டன் ஸார்!" என்று அவன் வாய்க்கணக்காகச் சொன்னபோது, இந்தப் பெருக்கல் அப்போது எங்கே போயிருந்தது என்று கேட்க நமக்கு நா துடித்தது. வண்டியின் பாரத்தையும் சேர்த்தால் இருபத்தைந்து டன்னைத் தாண்டும். பின் சக்கரம் கர்ணனுடைய தேர்ச் சக்கரம்போல் பூமிக்குள் இறங்கிவிட்டது. கர்ணனுக்கு எதிரே அர்ச்சுனன் நின்றான், இவனுக்குக் கைக்கடிகாரம். மண்வாரி யந்திரம் வந்து இழுக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

பிளாண்டிலிருந்த மூத்த டிரைவருக்குப் போன் செய்தான். "அண்ணே, என்ன செய்வது?" என்று அழாத குறை. அவர் நிதானமாக, "பக்கத்தில் மளிகைக் கடை இருக்கிறதா பார். இரண்டு கிலோ சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்று. டிரம்மை நிறுத்தாதே" என்றாராம். முதலில் கேலி செய்கிறார் என்றே இவன் நினைத்தான்.

கேலி இல்லை. சிமெண்டு இறுகுவதைச் சர்க்கரை தடுக்கும். 2,000 கிலோ சிமெண்டுக்கு ஒரே ஒரு கிலோ சர்க்கரை போட்டால்கூட இறுகுவது சில மணி நேரம் தள்ளிப்போகும். மிஞ்சிப்போனால் இறுகவே மறுக்கும். நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தார்கள் அல்லவா? அங்கே வெல்லம் வலுவுக்கு உதவியது. இங்கே அதன் தம்பி வலுவுக்குச் சத்துரு. சமையலறைப் பண்டந்தான், இடம் மாறினால் குணமும் மாறுகிறது. அன்றைய சரக்கு தளத்துக்கு உதவாமல் போயிற்று, கொட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பானை பிழைத்தது. பானைக்குள் பதினாலு டன் பாறையாகிவிட்டிருந்தால் பையனுடைய உத்தியோகமும் அதற்குள்ளேயே புதைந்திருக்கும். சேதத்தில் ஒரு பகுதியை அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். உள்ளே வா என்று கை காட்டியவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

இதுவாவது நின்ற இடத்தில் வந்த ஆபத்து. ஓடும்போது வருவது வேறு. வில்லியனூர்த் தேர்த் திருவிழாவைப் பார்த்திருப்பவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார், இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். நேர் வீதியில் தேர் கம்பீரமாக வரும். முனை திரும்பும் இடத்தில்தான் எல்லாருக்கும் மூச்சு நின்றுவிடும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அங்கே ஓடுகிற ஓட்டம்! உயரமான பொருள் திரும்பும்போது அதன் பாரம் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். மிக்ஸர் லாரியும் அப்படியே. பாரம் உயரத்தில் இருக்கிறது. அதிலும் தேர்ச் சிலை அசையாது, கலவை அசையும். பானை ஒரு திசையில் சுற்றுவதால் கலவை எப்போதும் ஒரு பக்கமாக ஏறியே கிடக்கும். வளைவில் அதுவும் சேர்ந்து தள்ளும். காலி லாரியில் கற்றுக்கொண்டு, அசையாத ஜல்லியில் பழகிய கைக்கு இது புது வித்தை. இந்த வண்டிக்கு முட்டுக்கட்டை போட ஆள் இல்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் காரியம் கெட்டது.

"முதல் நாள் யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள்?"

"மூத்தவர் இரண்டு நடை கூட வந்தார் ஸார். மூன்றாவது நடை நான் தனி."

இரண்டு நடை! நாம் ஒரு பெருக்கல் வாய்பாட்டை இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தும் ஏறாத பிள்ளைகள் உண்டு. அவர்கள் தவறினால் யாரும் சாவதில்லை.

அவன் பயப்படுவது வளைவுக்கு அல்ல. இடது பக்கத்துக்கு. ஸ்டீரிங் வலப்புறம் இருப்பதால், இடக் கதவுக்குக் கீழே ஒட்டி வருகிற சைக்கிள் அவன் கண்ணில் படாது. கண்ணாடியில் சில சமயம் படும், சில சமயம் படாது. ராஜீவ் காந்தி சதுக்கத்துச் சிக்னலில் நிற்கும்போது, சீருடைப் பிள்ளைகள் இடுக்கில் நுழைந்து முன்னால் வந்து நிற்கிறார்கள். பச்சை விழுந்ததும் பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள். இவன் மட்டும் நகராமல், இடது பக்கம் எட்டிப் பார்த்து, கிளீனர் "ரைட்" சொன்ன பிறகே நகருகிறான். இதற்காகத் திட்டும் வாங்குகிறான். கிளீனர் வராத நாளில் என்ன செய்வாய் என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் வகுப்பில் கணக்கை மூடி வைத்துவிட்டு, லாரிக்கு இடது பக்கம் நிற்கக்கூடாது என்பதைப் பலகையில் படம் போட்டு விளக்கினோம். இது பாடத்திட்டத்தில் இல்லை.

சரி, தளத்துக்கு வருவோம். அதற்குள் இன்னொரு வீட்டின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது அவனுடைய முதல் வாரம். எந்தத் தெரு என்று அவன் சொல்ல மறுத்துவிட்டான், நாமும் வற்புறுத்தவில்லை. கலவை சற்றுக் கெட்டியாக வந்திருந்தது. மேஸ்திரி மேலேயிருந்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி விடு" என்று சத்தம் போட்டார். வீட்டுக்காரரும் ஆமாம் என்றார். வண்டியிலேயே பானை கழுவுவதற்கென்று தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இவன் குழாயைத் திறந்துவிட்டான். கலவை பாயசம்போல் ஓடிற்று. எல்லாருக்கும் சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அன்று இரவு மூத்த டிரைவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னான். அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, எத்தனை லிட்டர் என்று கேட்டாராம்.

தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதந்தான் கான்கிரீட்டின் வலிமையை நிர்ணயிக்கிறது என்று அமெரிக்காவில் ஏப்ரம்ஸ் என்பவர் 1918-இல் நிலைநாட்டினார். சிமெண்டு தனக்கு வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொண்டது போக, மிச்சம் நாளடைவில் ஆவியாகிவிடும். அது இருந்த இடம் பொந்து. கன மீட்டருக்கு ஐந்து லிட்டர் கூடினால் குழைவு கண்ணுக்குத் தெரியும்படி அதிகமாகும், வலிமையோ சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றரை நியூட்டன் அளவு குறையும் என்பது இந்தத் தொழிலில் கைக்கணக்கு. நாம் எம்-25 என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த 25 என்பது இருபத்தெட்டாம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்க வேண்டிய நியூட்டன். ஆறு கன மீட்டரில் நூறு லிட்டர் விட்டால் 25 இருபதாகிவிடும். எம்-25-க்குப் பணம் கொடுத்துவிட்டு, எம்-20-க்குத் தண்ணீரையும் நாமே சப்ளை செய்கிறோம்.

இதிலே கொடுமை என்னவென்றால், யாருக்கும் தெரியாது. பரீட்சைக்காகக் கலவையை எடுத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கட்டியாக வார்த்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் நசுக்கிப் பார்க்கிறார்கள். அன்று அந்தக் கட்டிகள் பிளாண்டிலேயே, தண்ணீர் விடுவதற்கு முன்பே, வார்க்கப்பட்டன. அவை முதல் வகுப்பில் தேறும். காகிதத்தில் அந்த வீடு பலமான வீடு.

"அந்தத் தெரு வழியாகப் போனால் அந்த வீட்டைப் பார்க்காமல் போகிறேன் ஸார்" என்றான்.

விழுந்துவிடும் என்பதல்ல. கட்டடக் கணக்கில் தாராளமாக இடம் விட்டுத்தான் போடுகிறார்கள். நாமும் அவனிடம் அதைச் சொன்னோம். அவன் தலையை ஆட்டினான், சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. மூத்தவர் அன்று இரவு அவனிடம் சொன்னது இவ்வளவே: "கான்கிரீட் நம்முடையது இல்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் நம்முடையது."

இனி நம் நண்பர் வீட்டு வாசல். ஒன்பது மணி. சலானில் 7-50 என்று போட்டிருக்கிறது. கலவையைப் பார்த்த மேஸ்திரி, பம்புக்காரரோடு ஏதோ பேசிவிட்டு, "தம்பி, தண்ணி விடு" என்றார். பையன், "விட முடியாது அண்ணே" என்றான். மேஸ்திரி சிரித்தார். நண்பர் சிரிக்கவில்லை. ஏற்கெனவே தாமதம், இப்போது முறைப்பா என்று ஆரம்பித்துவிட்டார். பணம் கொடுப்பது நான், வீடு என்னுடையது, தண்ணீர் விட மாட்டேன் என்று சொல்ல நீ யார் என்றார். பையன் நம்மைப் பார்த்தான். கணக்குப் பரீட்சையில் விடை தெரியாதபோது பார்ப்பானே, அதே பார்வை. இந்தத் தடவை விடை அவனுக்குத் தெரிந்திருந்தது, சொல்லத் தைரியம் போதவில்லை.

நாம் எப்போதும் பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடுகிறவர் அல்ல. அன்று தலையிட்டோம். என்ன பேசினோம் என்பது இப்போது ஞாபகமில்லை. அவன் சொன்னபடி பிளாண்டுக்கே கேட்டுவிடலாம் என்பது வரையில் நண்பரை இறக்கிக் கொண்டுவந்தோம். போன் செய்தார்கள். தர மேற்பார்வை பார்க்கிறவர் இரண்டு சக்கர வண்டியில் வந்து சேர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷத்தில் நண்பர் நம்மோடு பேசவில்லை.

வந்தவர் முப்பது சென்டிமீட்டர் உயரத் தகரக் கூம்பு ஒன்றைத் தரையில் வைத்து, கலவையை நிரப்பிக் குத்தி, கூம்பை மேலே தூக்கினார். கலவை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார். சின்னக் கேனிலிருந்து குழைவு மருந்தை அளந்து பானைக்குள் ஊற்றச் சொன்னார். பானை வேகமாகச் சில நிமிஷம் சுற்றியது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. கலவை தண்ணீர் விட்டதுபோலவே இளகி வந்தது. மேஸ்திரி, "இதை முன்னமே போட்டிருக்கக் கூடாதா?" என்றார். 9-45-க்குள் பானை காலி.

இந்த மருந்து வைத்தியம் எல்லா நாளும் இவ்வளவு சுலபமாக நடக்காது. எல்லா வாசலிலும் வாத்தியார் நிற்கமாட்டார். இருபத்துமூன்று வயதுப் பையன், சொந்தக்காரர், மேஸ்திரி, பம்புக்காரர் என்று மூன்று பெரியவர்களுக்கு எதிரே தனியாக நின்று மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் "திமிர் பிடித்த டிரைவர்" என்று பிளாண்டுக்குப் புகார் போகும். சொல்லாவிட்டால் புகாரே வராது. இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரையில் மேம்பாலம் கட்ட 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். தேச நிர்மாணம் என்று பிரசங்கங்கள் நடந்தன. கல்லில் பெயர்கள் பொறிப்பார்கள், அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பாலத்தின் பலம் எந்தக் குழாயைத் திறக்காமல் இருந்தான் என்பதைப் பொறுத்திருக்கிறதோ, அவன் பெயர் சலானோடு போய்விடும்.

கொட்டிய பிறகும் வேலை முடியவில்லை. பானையை உடனே கழுவ வேண்டும். வாசலில் கழுவாதே என்று நண்பர் வீட்டார் சொன்னது சரியே, அந்தக் காரத் தண்ணீர் கால்வாய்க்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. கொட்டு வாயை மட்டும் நனைத்துத் துடைத்துவிட்டு, மிச்சத்தைப் பிளாண்டுத் தொட்டியில் கழுவ அவன் கிளம்பினான். என்ன கழுவினாலும் தகடுகளில் கொஞ்சம் ஒட்டி இறுகிக்கொண்டே வரும். சில மாதத்துக்கு ஒரு தடவை ஆள் உள்ளே இறங்கி இடிக்க வேண்டும். இருட்டு, சத்தம், நுரையீரலைத் தின்னும் தூசி. புதிதாக வந்தவன் தலையிலேயே அந்த வேலையும் விழுகிறது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாராவது பானையைச் சுழல விட்டால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டாம். சாவியை என்ன செய்வாய் என்று கேட்டோம். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். கிளீனர் இறங்கினாலும் சாவி அவன் பையில், அவனே இறங்கினாலும் சாவி அவன் பையில்.

சம்பளம் என்ன என்று கேட்டோம். சொன்னான். அதை இங்கே எழுதினால் அடுத்த தடவை தளம் போடும் நேயர்கள் அவனிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசக்கூடும், ஆனால் அவன் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

வண்டி ஏறப் போகும்போது நண்பரின் சம்சாரம் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார். பையன் குடித்துவிட்டு, நண்பரிடம், "ஐயா, நாளைக் காலையிலிருந்து தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பத்து நாளாவது காயவிடக் கூடாது" என்றான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் சாயந்திரம் நம் வீட்டுக்கு வந்தார். மோட்டார் ரிப்பேராம், இரண்டு குடம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.